காளையின் தொடையில் ஒரு சுழி

சிங்காநல்லூரில் எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது. காம்பவுண்டு சுவர் நீளம்; அதில் போஸ்டர் ஒட்டாதவர்கள் பாக்கியில்லை. போன வருடம் தெருக்காரர்கள் கூடி, அந்தச் சுவரில் எல்லோருமாகப் படம் வரையலாம் என்று முடிவு செய்தார்கள். ஓவியம் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, சாக்பீஸால் ஒரு மாட்டுவண்டியைக் கோடு போட்டுக் கொடுத்தாள். வண்ணம் அடிப்பது எங்கள் பாடு.

எனக்குக் காளை வந்தது. சக்கரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு. நாங்கள் இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் பக்கம் நீண்டிருந்த அவருடைய முருங்கைக் கிளையைக் கேட்காமலே வெட்டிவிட்டேன்; தெருவிலேயே சண்டை. எங்கள் ஊரில் திட்டுவதும் 'ங்க' போட்டுத்தான். அதனால் புதிதாகக் குடிவந்தவர்கள் நாங்கள் நலம் விசாரித்துக்கொள்வதாக நினைத்தார்களாம். தப்பு என்னுடையதுதான். மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. ஆனால் அக்கா இல்லாத சாயங்காலங்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வெள்ளைப் பெயிண்ட் டப்பா. நான் கையெட்டும் தூரத்தில் இருக்க, அக்கா கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, "அந்த டப்பாவைக் கொஞ்சம் வாங்கிக் குடு கண்ணு" என்றார். நான் மட்டும் சளைத்தவளா? அவள் வழியாகவே கொடுத்தனுப்பினேன். பாவம், காலை முழுக்க அவளுக்குத் தூது போகும் வேலை.

அப்போதுதான், வால் நுனிக்குக் கறுப்பு எடுத்த என் பிரஷ்ஷிலிருந்து காளையின் வெள்ளைத் தொடையில் கறுப்பு சொட்டியது. துடைத்தால் இன்னும் பரவியது. போகட்டும் என்று அதையே சுற்றி இழுத்து, அழகாக ஒரு சுழி ஆக்கினேன்.

"ஏனுங்க! அதை மொதல்ல அழிங்க!"

அக்காதான். என்னை நேராகப் பார்த்தே சொன்னார். மாடு கன்றோடு வளர்ந்தவர். மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்க்காமல் அவர் வீட்டில் மாடு வாங்கமாட்டார்கள்.

"படத்து மாடுதானுங்கக்கா" என்றேன்.

"படமோ நெசமோ, அந்த எடத்துல சுழி இருந்தா மாடு நிக்கற ஊட்டுக்கு ஆகாதுங்க. இது உங்க ஊட்டுச் செவுருங்க, அம்மணி!"

என் பக்கம் கிடந்த வேறு பிரஷ்ஷை எடுத்து, வெள்ளையைத் தொட்டு அழுத்தி அழுத்திப் பூசினார். என் முகத்தில் விழிக்காத இரண்டு வருடத்திலும் என் வீடு நன்றாயிருக்க வேண்டும் என்றுதான் இந்த மனுஷி இருந்திருக்கிறார்.

"கெளைய வெட்டுனது தப்புங்கக்கா."

அக்கா திரும்பவில்லை.

"அது கெடக்குதுங்க. இன்னும் மறையலீங்க பாருங்க. டப்பாவை இப்பிடித் தள்ளுங்க."