சேதுலட்சுமியின் பெயரில் வெட்டிய காசு

உச்சிப்புளி மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் தார்ச்சாலையில், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். முன்வீட்டில் சேதுலட்சுமி. பின்வீட்டில் அவளுடைய ஓரகத்தி துர்காதேவி. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். அந்தக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், தன் பத்து வயது மகன் அய்யப்பன் சேதுலட்சுமியின் கன்னத்தில் அறைவதைத் துர்காதேவி பார்த்தாள்.

ஒரு முறை அல்ல. இடது கன்னத்திலேயே திரும்பத் திரும்ப அறைந்தான். இதுவரை அவன் வேறு யாரையும் அடித்ததில்லை.

சேதுலட்சுமி அவன் கையை விலக்கிவிட்டு, "பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போ துர்கா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து அம்மா என்ற ஒரு சொல்கூட அந்தப் பிள்ளையின் வாயில் வந்ததில்லை. வாய் செய்யாததை இன்று கை செய்கிறது என்று துர்காதேவி நினைத்தாள். 'என்னை அடித்தவள் இவள்தான் அம்மா, இந்த இடத்தில்தான் அடித்தாள்' என்று பிள்ளை காட்டிக்கொடுக்கிறான். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவள் அசையவில்லை. சேதுலட்சுமி விளங்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

வைகாசி வரை அய்யப்பன் அமைதியான பிள்ளை. தென்னை ஈர்க்குகளைத் தரையில் வரிசையாக அடுக்குவான். ஒன்றைத் தள்ளி வைத்தால் பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி அடுக்குவான். ரசம் சாதம் மட்டும் தின்பான். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளில் அழுததோடு சரி, அதற்குப் பிறகு துர்காதேவி அவனோடு வாழப் பழகிக்கொண்டாள். அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தச் சட்டை உறுத்தும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

ஒரே வாரத்தில் அந்த அமைதியான பிள்ளை காணாமல் போய்விட்டான். தட்டை எட்டி உதைத்தான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். தலையின் இடது பக்கத்தைச் சுவரில் மோதினான். அவன் மோதும்போதெல்லாம் தலைக்கும் சுவருக்கும் நடுவே துர்காதேவி தன் கையைக் கொடுப்பாள். புறங்கைத் தோல் உரிந்துபோனது. அவள் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்கும்போது மிளகாய்த் தூள் பறந்து வந்து அந்தப் புண்ணில் விழும். எரிகிற ஒவ்வொரு முறையும் அவள் சேதுலட்சுமியை நினைத்தாள். தான் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை இருந்தது சேதுலட்சுமி வீட்டில்தானே.

கணவன் முத்துகிருஷ்ணன் லோடு ஆட்டோவில் தேங்காய் ஏற்றுகிறவன். சாப்பிட உட்கார்ந்தவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"மதினி அப்படியெல்லாம் செய்யாது."

"பெறகு ஏன் உங்க மதினியை மட்டும் தேடித் தேடி அறையுறான்?"

"பிடிக்காததைச் செஞ்சவங்களை அடிக்கிறான்னா மொத அறை எனக்குல விழணும். அவனைப் பிடிச்சு உக்கார வச்சு முடி வெட்டுனது நானு" என்று சிரித்தான்.

"சிரிங்க. உங்க மகன் சுவத்துல முட்டிக்கிட்டுச் சாவட்டும், நீங்க சிரிச்சுக்கிட்டே மதினிக்குக் கோயில் கட்டுங்க."

அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

துர்காதேவியின் கோபத்துக்கு ஒரு பழைய வேரும் இருந்தது. சேதுலட்சுமியின் மகள் சிநேகாவுக்குச் சடங்கு வைத்த அன்று, "விருந்தாளுக வார நேரம், இவனைப் பின்னறையில வச்சிரு" என்று எல்லோர் முன்னாலும் சேதுலட்சுமி சொல்லிவிட்டாள். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருட்டறையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு துர்காதேவி உட்கார்ந்திருந்தாள். அந்த அறையின் புழுக்கம் இன்னும் அவள் உடம்பை விட்டுப் போகவில்லை.

வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அய்யப்பனுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறப்பு ஆசிரியை உமாமகேஸ்வரி வேறொன்று சொன்னாள்.

"பேசாத பிள்ளை திடீர்னு மாறுனா மொதல்ல உடம்பைப் பாக்கணும்க்கா. காது, பல்லு, வயிறு. எங்கயோ நோவுது, சொல்லத் தெரியலை. அதான் இந்த ஆட்டம்."

"நோவுதுன்னுதான் டீச்சர் நானும் சொல்றேன். யாரு குடுத்த நோவுன்னும் எனக்குத் தெரியும்."

உமாமகேஸ்வரி அவன் வாயைத் திறக்கப் பார்த்தாள். விரலில் கடி வாங்கியதுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். டாக்டர் எழுந்து வருவதற்குள் அவன் மேசையைப் புரட்டிவிட்டான். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

துர்காதேவி பிள்ளையை முன்வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினாள். வேலைக்குக் கூடவே கூட்டிப்போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவனோ மூட்டையிலும் தலையை மோதினான். அடித்தவளை விட்டுப் பிரித்த பிறகும் ஏன் தீரவில்லை என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பயம் அவன் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது, அந்தப் பாவி அப்படிச் செய்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முத்துகிருஷ்ணனிடம் பிள்ளையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு காளி கோயிலில் இறங்கினாள். நியாயம் கிடைக்காதவர்கள் எதிரியின் பெயரைச் சொல்லிக் காசு வெட்டிப் போடுகிற கோயில் அது. வெட்டிய காசு காளியின் காலடியில் கிடக்கும்வரை எதிரிக்கு நிம்மதி இருக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

பூசாரி கேட்டார். "பேரு?"

"சேதுலட்சுமி."

"என்ன செஞ்சா?"

"பேசத் தெரியாத பிள்ளையை அடிச்சா."

"கண்ணால பாத்தியா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா சாமி?"

பூசாரி காசைக் கையில் வாங்கினார். "வெட்டுறது லேசு தாயி. நாளைக்கே மனசு மாறுனா நீ மட்டும் வந்து நின்னு ஆகாது. யாரு பேருல வெட்டுறியோ அவளும் உன்கூட வந்து நிக்கணும். ரெண்டு பேரும் சேந்து கேட்டாத்தான் அம்மா மனசு இறங்குவா."

"அதுக்கு நான் ஏன் வாரேன்? வெட்டச் சொல்லுங்க."

கல்லின் மேல் காசு வைக்கப்பட்டது. உளி இறங்கியது. 'என் பிள்ளையைத் தொட்ட கை விளங்கக் கூடாது. அவள் சோறு தின்ன முடியாமல் தவிக்க வேண்டும். என் பிள்ளை சுவரில் மோதியது மாதிரி அவளும் மோத வேண்டும்.' இரண்டு துண்டான காசு காளியின் காலடியில் போய் விழுந்ததும், துர்காதேவிக்குப் பல நாள் கழித்துப் பசித்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு தோசை வாங்கி நின்றுகொண்டே தின்றாள்.

அதற்குப் பிறகு அவள் காத்திருந்தாள். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் முன்வீட்டைத்தான் பார்ப்பாள். சேதுலட்சுமி நடக்கிறாளா, கை தூக்குகிறாளா, தின்கிறாளா? சித்திரையில் கன்னம் வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு சேதுலட்சுமி அலைந்தபோதும் துர்காதேவி இப்படித்தான் உள்ளூர மகிழ்ந்தாள். ஆனால் சேதுலட்சுமி ராமநாதபுரம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஒரே நாளில் தேறிவிட்டாள். இந்த முறை அப்படித் தப்ப முடியாது. ஒரு நாள் குழாயடிப் பாசியில் வழுக்கிச் சேதுலட்சுமி விழுந்தாள். ஜன்னலில் நின்ற துர்காதேவியின் நெஞ்சு குதித்தது. விழுந்தவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். இது தொடக்கம்தான் என்று துர்காதேவி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம், சாம்பாரை இறக்கிவிட்டுத் திரும்பிய நேரத்தில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அய்யப்பனைக் காணவில்லை.

கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியே ஓடினாள். ஊருணிக் கரையில் இல்லை. மெயின் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, அங்கேயும் இல்லை. வீட்டுப் பக்கம் ஓடி வந்தவள், முன்வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

அடுப்படியில் அய்யப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். சேதுலட்சுமி அவன் தாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இத்தனை நாள் தேடியது கண்முன்னால் நின்றது. துர்காதேவி கரண்டியை ஓங்கினாள். "கையை எடுடி பாவி. உன்னைக் கொன்னுட்டு நான் ஜெயிலுக்குப் போறேன்."

சேதுலட்சுமி திரும்பவில்லை. "அடிக்கிறதுன்னா அடி. வெளிச்சத்தை மறைக்காத" என்றாள்.

அவளுடைய இன்னொரு கையில் செல்போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அய்யப்பன் வாயை அகலத் திறந்து வைத்திருந்தான். டாக்டருக்குத் திறக்காத வாய். பெற்றவளுக்கே திறக்காத வாய். அவனுடைய உள்ளங்கை சேதுலட்சுமியின் இடது கன்னத்தில் அழுந்தியிருந்தது.

"இங்கன குனிஞ்சு பாரு. இடது பக்கம், கடைசிப் பல்லு. ஈறு சீழ் கட்டி நிக்குது. இவன் சுவத்துல முட்டாம என்ன செய்வான்?"

துர்காதேவி குனிந்தாள். பல் கறுத்துப் போயிருந்தது. பிரஷ்ஷைக் கடித்துத் துப்புகிறான் என்று அவள்தான் அவனுக்குப் பல் விளக்குவதை விட்டிருந்தாள்.

"சித்திரையில எனக்குப் பல்லு வலிச்சப்ப இவன் என் பக்கத்துலயே இருந்தான்" என்றாள் சேதுலட்சுமி. "கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், பாத்தான். துணி கட்டுனேன், பாத்தான். பல்லைப் பிடுங்கிட்டு வந்து நல்லாச் சோறு தின்னதையும் பாத்தான். இவன் என்னை அடிக்கலடி. உனக்கு எப்படிச் சரியாச்சுன்னு கேட்டிருக்கான். எனக்கும் இன்னைக்குத்தான் உறைச்சுச்சு. ஓடி வந்தவன் என் கையைப் பிடிச்சுத் தன் கன்னத்துல வச்சான்."

அவள் முழங்கை வரை அவன் பல் பதிந்த தழும்புகள். ஒன்றைக்கூட அவள் துர்காதேவியிடம் காட்டியதில்லை. துர்காதேவி கரண்டியைத் தரையில் வைத்தாள்.

சாயங்காலம் துர்காதேவி முன்வீட்டு வாசலில் போய் நின்றாள். சேதுலட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பேருல காசு வெட்டிப் போட்டுட்டேன்."

மடித்த சேலை அப்படியே நின்றது. "என்னன்னு சொல்லி வெட்டுன?"

"கை விளங்கக் கூடாதுன்னு. சோறு திங்க முடியாம..."

"குழாயடியில வழுக்கி விழுந்தேனே, அப்ப சந்தோசமா இருந்துச்சா?"

துர்காதேவி தலை குனிந்தாள்.

"கேக்குறேன்ல, சொல்லு."

"இருந்துச்சுக்கா."

சேதுலட்சுமி சேலையை அடுக்கில் வைத்தாள். கண் கலங்கவில்லை. அதுதான் துர்காதேவியைப் பயமுறுத்தியது.

"ரெண்டு பேரும் போய் நின்னு கேட்டா அம்மா மனசு இறங்கிரும்னு பூசாரி சொன்னாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்படியே கோயிலுக்கும்..."

"ஆஸ்பத்திரிக்கு வாரேன். பிள்ளை என்னை நம்பி வாயைத் திறந்திருக்கான். கோயிலுக்கு வரமாட்டேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னக்கா செய்வேன்?"

"எனக்கு ஏன் ஆகுது? சிநேகா சடங்குல பிள்ளையைப் பின்னறையில வைக்கச் சொன்னேன். அது நான் செஞ்ச தப்பு. அதுக்கு வெட்டியிருந்தா இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு உன்கூட வந்திருப்பேன். நான் செய்யாததுக்கு நீ வெட்டியிருக்க. காளிக்கு அது தெரியும், எனக்குப் பயமில்லை. பயம் பூராத்தையும் நீயே வச்சுக்க."

மறுநாள் ராமநாதபுரத்தில் பல் டாக்டர் முன்னால் சேதுலட்சுமிதான் அய்யப்பனை மடியில் வைத்துக்கொண்டாள். தன் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினாள். அவன் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தன் வாயைத் திறந்தான். சீழ் வற்ற மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் பல்லை எடுத்தார்கள். துர்காதேவி கதவோரம் நின்று பார்த்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அய்யப்பன் தேறிவிட்டான். மறுபடி ரசம் சாதம், மறுபடி ஈர்க்கு வரிசை. துர்காதேவி வேலைக்குப் போகும்போது அவன் தானாகவே முன்வீட்டுக்கு நடந்துவிடுகிறான்.

தேறாதவள் துர்காதேவிதான். முன்வீட்டில் ஒரு தும்மல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறாள். குழாயடிப் பாசியைத் தினமும் அவளே தேய்த்துக் கழுவுகிறாள். சேதுலட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் வெந்நீர் போகிறது, கால் வலி என்றால் தைலம் போகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாளைக்குக் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்ற பதில்தான்.

போன வாரம் ஒரு காலையில் துர்காதேவி மகனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். முன்வீட்டில் இருமல் சத்தம் கேட்டது. சற்று நேரம் கழித்து இன்னும் பலமாக ஒரு இருமல்.

"இது நடிப்பு" என்றான் முத்துகிருஷ்ணன், ஆட்டோ சாவியைத் தேடிக்கொண்டே. "மதினி நம்ம வீட்டு ஜன்னலைப் பாத்துத்தான் இருமுது."

"தெரியும்" என்றாள் துர்காதேவி. சீப்பை வைத்துவிட்டு எழுந்து சுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சேதுலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கா. போயிட்டு வந்துருவமா?"

"பாப்போம்" என்றாள் சேதுலட்சுமி. "கருப்பட்டி பத்தலை. போய்ப் போட்டு எடுத்துட்டு வா."