மலையேற மறுத்த ஜீப்பும் பாய் மேல் நான் போட்ட பழியும்

என் ஜீப்புக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் குறைவு. டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வகை. டீசல் முள் எந்தக் காலத்திலோ செத்துவிட்டதால், டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்து குச்சிதான் விட வேண்டும். ஜவ்வாது மலைக்குப் போய் சாமையும் தேனும் வாங்கி வந்து செங்கம் ரோட்டுக் கஃபேக்களுக்குக் கொடுப்பது என் தொழில். ஒரு பொம்பளை ஜீப் ஓட்டுவதைத் திருவண்ணாமலை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் நான் ரிவர்ஸ் எடுத்தால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து கை காட்டுவார்கள். இரண்டு கை வலது பக்கம் காட்டும், இரண்டு கை இடது பக்கம் காட்டும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பாயிடம் வண்டியை சர்வீஸ் விட்டேன். பாய் என்றால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டீசல் மெக்கானிக். அவர் அப்பா காலத்திலிருந்து அங்கேதான் பட்டறை. ஆயில் மாற்றினார், டீசல் ஃபில்டர் மாற்றினார். நான் பூஜை போட்டேன், எலுமிச்சம்பழம் நசுக்கினேன், பூசணிக்காய் உடைத்தேன். அடுத்த வாரம் மலைக்குக் கிளம்பினேன்.

போளூர் வரை வண்டி பறந்தது. மலைப்பாதை தொடங்கி இரண்டாவது வளைவில் யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல் ஆகிவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வேகம் இல்லை. முதல் கியரில் முனகிக்கொண்டே போய் அப்படியே நின்றது. ஆடு ஓட்டிப் போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை.

ஊருக்கு வந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். பாய் மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசல் பார்த்தார், பிறகு அவரே ஓட்டிப் போய் பைபாஸ் வரை சுற்றிவிட்டு வந்தார். வண்டி சிட்டாய்ப் பறந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்றத்தில் நிற்கிறபோது கருப்புப் புகை வருதா என்று கேட்டார். புகையைப் பார்த்துக்கொண்டா வண்டி ஓட்டுவார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். கருப்பாக வந்தால் காற்று போகவில்லை, புகையே இல்லாமல் திணறினால் டீசல் போகவில்லை, அடுத்த முறை பாருங்கள் என்றார். எனக்கு அது சாக்காகத்தான் பட்டது.

அடுத்த நடையிலும் வண்டி நின்றது. புகை இல்லை. மறுபடியும் பட்டறை, மறுபடியும் குச்சி, மறுபடியும் பைபாஸ், மறுபடியும் வண்டி பறந்தது. இந்த ஜீப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை, பாயைத்தான் பிடித்திருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் வாய் சும்மா இருக்குமா? பூஜைக்கு முன்னால் பாய் கை வைத்தார், பூஜைக்குப் பின்னால் வண்டி படுத்தது. கணக்கு சரியாக இருந்தது. டூப்ளிகேட் ஃபில்டர் போட்டுவிட்டார் என்று முதலில் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னேன். சொல்லச் சொல்ல ருசித்தது. டீக்கடையில் சொன்னபோது ஃபில்டரோடு ஆயிலும் டூப்ளிகேட் ஆகிவிட்டது. ஸ்டாண்டில் மூன்று பேர் ஆட்டோவை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் ஒருவர் ஸ்டாண்டுக்கே பெரியவர், பதினைந்து வருஷமாகப் பாயைத் தவிர யாரையும் வண்டியில் கை வைக்க விடாதவர்.

இது பாய் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு அவரே வீட்டுக்கு வந்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். நாளைக்கு மலைக்குப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னார். டீசல் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற ட்யூப் ஒன்றைச் சேர்த்துப் பொருத்தினார். வழியில் காற்று ஏறினால் அதில் குமிழி தெரியுமாம்.

அதே இரண்டாவது வளைவில் ஜீப் நின்றது. பாய் மறைக்காமல் சந்தோஷப்பட்டார். பானெட்டைத் தூக்கி ட்யூபைப் பார்த்தார். குமிழி இல்லை. டீசலும் சரியாக வரவில்லை. கை பம்ப்பை அழுத்தினார், அது மேலே எழும்பாமல் அமுங்கிய இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றவர், பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒரு முழு மூச்சு நீளத்துக்கு வந்தது.

மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடு நெற்றியில் வைப்பது போல மூடியின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பன்னீர் விட்டுக் குழைத்து நான் வைத்தது. தூசியும் டீசலும் பட்டு சிமெண்டாக இறுகியிருந்தது. அதற்கு அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டீசல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்க்குக்குள் காற்று போக வேண்டுமாம். காற்று போகாவிட்டால் டீசல் வெளியே வராதாம். அவர் குச்சி விட மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, வண்டியும் பறந்திருக்கிறது. பக்கத்து வெல்டிங் கடை இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சந்தனமோ எல்லார் கண்ணிலும் பட்டுத்தான் இருக்கும். ஆயுத பூஜை முடிந்த மாதத்தில் எங்கள் ஊரில் சந்தனம் இல்லாத வண்டி எது?

"ஊக்கு இருக்கா மா?" என்றார்.

துப்பட்டாவிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். ஓட்டையைக் குத்தித் துடைத்து மூடியை மாட்டினார். "சாமிக்குன்னு வெச்சீங்க, சரி. வண்டிக்கும் மூச்சு வுட வழி வேணும் இல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். மலை உச்சி வரை ஜீப் நிற்காமல் ஏறியது. எனக்கோ ஓடி ஒளிய இடம் தேவைப்பட்டது. இறங்கி வரும்போது, இந்தச் சந்தன விஷயம் ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் சாகிற வரை என்னை ஓட்டுவார்கள், வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் பேரைக் கெடுத்தவள் என் பேரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறேன். அந்த வெட்கம்கூட அப்போது எனக்கு இல்லை.

"நான் எதுக்குமா சொல்லப்போறேன்," என்றார்.

சொல்லவில்லைதான். பத்து நாள் கழித்துப் பட்டறைப் பக்கம் போனபோது வாசலில் ஒரு ஆட்டோவும் இல்லை. உள்ளே பாய் தனியாக ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நேராக ஸ்டாண்டுக்குப் போய்ப் பெரியவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"உனக்கு நல்ல மனசு மா. ஆனா அவருக்காக நீ பொய் சொல்ல வேணாம். என்னா ஃபால்ட்டுன்னு நாங்க கேட்டோம். என் வேலையிலதான் தப்புன்னு அவரே சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கெஞ்சியதற்காக அவர் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொன்ன பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

வீட்டுக்குப் போய் சந்தனத்தை எடுத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்து, டேங்க் மூடியின் ஓட்டை மேல் தாராளமாக அப்பினேன். குங்குமமும் வைத்தேன், குறை எதற்கு? இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஸ்டாண்டுக்குப் போய், கிரிவலம் கூட்டிப் போகிறேன் என்று பெரியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். பௌர்ணமி இல்லை, ரோடு காலி. ஒரு சுற்று முடிந்தது. இறங்கப் போனவரை விடாமல் இன்னொரு சுற்று தொடங்கினேன். இவ்வளவு வேகத்தில் இவ்வளவு புண்ணியம் தனக்குத் தாங்காது என்று அவர் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடி அண்ணாமலை தாண்டினதும் ஜீப் முனக ஆரம்பித்தது. அப்புறம் திணறியது. அப்புறம் நின்றது. வண்டி நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"எறங்கி நீங்களே மூடியைத் தொறங்கண்ணா," என்றேன்.

திறந்தார். ஸ்ஸ்ஸ் என்றது. அவர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். மூடியைப் பார்த்தார், விரலில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷம் ஆட்டோ ஓட்டியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ரோட்டோரம் புளியமரத்தடிக்குப் போய் போனை எடுத்தார்.

"பாய், நான்தான். நாளைக்கு ஆட்டோவைக் கொண்டாரேன். எல்லாம் நீயே பாத்துடு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும் பாய். எல்லாம் தெரிஞ்சிபோச்சி. நீ எதுவும் சொல்லாத."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். நான் ஊக்கால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

"ஸ்டாண்டுல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க மா. சந்தனம் மிச்சம் இருக்கா?"