முகப்பில் மெல்லப் பேசியவன்

நீண்ட மருத்துவ விடுப்பிலிருந்து திரும்பும் ஊழியர் வேலைக்குத் தகுதியானவர் என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்துவிட்டால், அவரைப் பழைய வேலையிலேயே அமர்த்த வேண்டும். மாற்றினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதுதான் விதி. ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் முகப்பில், அதாவது கவுண்டரில், உட்கார்ந்து இதை மற்றவர்களுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குக் குரல் இருந்தது.

கழுத்தில் துளையோடு வீடு திரும்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுவையைப் பற்றி மருத்துவர் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

1979-இல் குரல் கம்மியது. தூசி என்றேன், ஐஸ் தண்ணீர் என்றேன். தலைமைக் குமாஸ்தா தேவராஜன், "என்னலா, வீட்டுல கத்திக் கத்தி இங்க வரும்போது தீர்ந்து போகுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஓசை வரவில்லை. குரல் கம்மல் சில வாரங்களில் தீராவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் தீபாவளிவரை போகவில்லை.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) குரல்வளையில் புற்று என்றது. கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுவதும் எடுத்துவிடும் அறுவை) செய்ய வேண்டும். அதன்பின் மூச்சு மூக்கு வழியாகப் போகாது, கழுத்தடியில் வைக்கும் துளை வழியாகத்தான் என்றார்.

"குரல் போயிடும். நீங்க இருப்பீங்க."

"அவரு வாயால பொழைக்கிற மனுசன், டாக்டர்," என்றாள் என் மனைவி சரோஜா.

போனது. பிறகு வேறொரு பேச்சைக் கற்றுக்கொடுத்தார்கள். காற்றை விழுங்க வேண்டும். அதை ஏப்பமாக மேலே கொண்டுவர வேண்டும். அந்த ஏப்பத்தைச் சொல்லாக்க வேண்டும். "சாப்பிட்டு யாராவது ஏப்பம் விட்டா மூஞ்சியச் சுளிப்பீங்க. இப்ப அதையே படிக்கிறீங்களா?" என்றாள் சரோஜா. மாதக்கணக்கில் படித்தேன். முதலில் தெளிவாக வந்த சொற்கள், "அடுத்த ஆள்." முகப்பில் தினமும் சொன்னவை.

மருத்துவக் குழு என்னைத் தகுதியானவன் என்றது. துளையை மெல்லிய பருத்தித் துணியால் மூடிக்கொண்டு முகப்புக்குத் திரும்பினேன்.

சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் என் முன்னால்தான் வரிசை பிடிப்பார்கள். கையில் சிவப்பு அடையாள அட்டை இருக்கும். இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள் பலர். மலாய் விண்ணப்பப் பாரத்தைத் தமிழில் படித்துக் காட்டி நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

குரல் இல்லாதவன் முன்னால் நிற்கும் எவரும் தம் குரலையும் தாழ்த்திக்கொள்வார்கள். நீங்களும் இதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கே தெரியாமல் நடப்பது அது. தோட்டத்து ஆட்களோ, ஆபீஸ் சன்னலில் கிராணியின் காதருகே குனிந்து பேசிப் பழகியவர்கள். தோட்டத்துக் குமாஸ்தாதான் கிராணி. அவர்களுக்கு நானும் கிராணிதான். ஆக, என் முகப்பில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தன. அரசாங்க முகப்பில் கிசுகிசுப்புக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: லஞ்சம்.

தேவராஜன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"காதோட காதா என்னலா பேசுறீங்க? பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"சிவப்பு அட்டை," என்றேன்.

"அவங்கள சத்தமாப் பேசச் சொல்லு."

"நான் மெல்லப் பேசினா அவங்களும் மெல்லத்தான்..." காற்று தீர்ந்துவிட்டது.

"மேல இருக்கிற துவான் காதுக்குப் போனா உனக்குத்தான் கெட்ட பேரு. ஒரு நண்பனா சொல்றேன். கொஞ்ச நாளைக்கு உள்ள இரு," என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலும் இறங்கியிருந்தது. மேசைமேல் குனிந்து என் காதருகே வந்திருந்தார். கதவு திறந்திருந்தது. வெளியே இருந்து பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

என்னைக் கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். மூக்கு தூசியை வடிகட்டும். கழுத்துத் துளை வடிகட்டாது. பழைய கோப்புகளின் தூசி நேராக நெஞ்சுக்குள் போனது. பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழல் அழற்சி) வந்து இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்தேன். புற்று திரும்பவில்லை என்று ஒவ்வொரு சோதனையிலும் சொன்னார்கள். நோய் என்னை விட்டுவிட்டது, அலுவலகம்தான் விடவில்லை.

முகப்புக்குத் திருப்பி அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதினேன். முறைப்படி தேவராஜன் வழியாகவே எழுதினேன். முறை தெரிந்தவன் செய்யும் முட்டாள்தனம் அது.

ஒருநாள் பேருந்து நிலையத்தில், முன்பு என் முகப்புக்கு வந்துகொண்டிருந்த சுங்கை சிப்புட் முனியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். பால்மரம் வெட்டிக் காய்த்த கையில் அதே சிவப்பு அட்டை.

"கிராணி ஐயா, ஒங்கள எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க? புதுசா ஒரு தம்பி இருக்கு. அது மலாய்ல கேக்குது, நான் முழிக்கிறேன். மூணு தடவ திரும்பிட்டேன்."

அங்கிருந்த தேநீர் ஒட்டுக்கடைப் பலகையில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். நான் பேசுவது புரிகிறதா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு கத்துறதுதான் இந்நாள்வரைக்கும் புரியல. ஒங்க பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்று காதருகே குனிந்து சொன்னார்.

குடியுரிமை கிடைத்து அவருடைய அட்டை நீலமாக மாறியதா என்று எனக்குத் தெரியாது. மாறியிருந்தால் சொல்ல வந்திருப்பார்.

ஒரு வாய்க் காற்றுக்கு மூன்று சொற்கள். என் நாள் இப்போது அப்படித்தான் அளக்கப்படுகிறது. வணக்கம், நலமா என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். கோயில் விருந்தில் என் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். அதனால் நஷ்டமில்லை, பேசி வீணாகும் காற்று மிச்சம். எனக்காகக் குரலைத் தாழ்த்தாத ஒரே ஆள் சரோஜா. வயது ஐம்பத்தைந்து ஆனபோது, கோப்பு அறையிலிருந்தே ஓய்வு பெற்றேன்.

அதன்பிறகு ஒருநாள் தபாலில் மேலிடத்திலிருந்து நீள உறை வந்தது.

"என்னவாம்?" என்று சமையலறையிலிருந்து கத்தினாள் சரோஜா.

காற்றை விழுங்கினேன். "முகப்புக்குப் போகலாமாம்."

அவள் அருகில் வந்து, "நீங்க எப்ப போட்ட கடுதாசிங்க அது?" என்று கேட்டாள். முதல் தடவையாக, மெல்ல.

நான் அதை எழுதியது 1984, தைப்பூசத்துக்கு முந்திய நாள்.