கம்மியாயிடுச்சாம்

என் மனைவி செல்விக்கு டெங்கு காய்ச்சல். திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "அணு ரொம்பக் கம்மியாயிருக்குங்க" என்றார். நோய்க் கிருமியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பிக் கேட்கக் கூச்சம். ஓடிப்போய், "செல்வி, கம்மியாயிடுச்சாம்!" என்றேன். அவள் எழுந்து தலைவாரத் தொடங்கினாள்.

அதைக் கேட்ட நர்சம்மா என்னை வெளியே அழைத்தார். "அண்ணே, கம்மியானது கிருமி இல்ல. ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு. அது கம்மியானா உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம்."

உள்ளே போனேன். "ஆட்டோ சொல்லிட்டீங்களா?" என்றாள் செல்வி. என் முகத்தையே பார்த்தவள், சீப்பை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் இன்றும் நான் நல்ல சேதி சொன்னால், முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.