மவுஸ் சாரின் குளுகுளு அறை

அந்த அரசுப் பள்ளியில் ஏசி வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். தலைமையாசிரியைக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். பிள்ளைகளின் வகுப்புகளில் அதுவும் பாதி நாள் சுற்றாது. ஏசி கணினிகளுக்காக வாங்கியது. பிள்ளைகள் வெயிலைத் தாங்குவார்கள், கணினிகள் தாங்காது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கணினிகளோடு கூடவே உட்கார்ந்து குளிர்ச்சியை அனுபவிக்கும் பாக்கியம் மவுஸ் சாருக்கு வாய்த்திருந்தது.

மவுஸ் சார் பிறவியிலேயே கணினி ஆசிரியர் இல்லை. இந்தப் பள்ளிக்கு அவர் வந்தது விளையாட்டு ஆசிரியராக. கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாக மைதானத்தில் நின்று, உச்சி வெயிலில் மண்டை காய்ந்துகொண்டிருந்தவர். ஒருநாள் உயரம் தாண்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போய் முட்டி பிசகிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டிருந்த அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்குக் கணினிகள் வந்து இறங்கின. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கணக்கு ஆசிரியர் இருக்கிற வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்றார். அறிவியல் ஆசிரியை கண் கெட்டுவிடும் என்றார். தலைமையாசிரியை ஆசிரியர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். ஓடித் தப்பிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

பயிற்சிக்கு அனுப்பினார்கள். கணினியை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, அறைக்குள் செருப்போடு வரக் கூடாது என்ற மூன்று விஷயங்களைக் கற்றுக்கொண்டு திரும்பினார். மூன்றாவதை மட்டும் கடைசிவரை கறாராகக் கடைப்பிடித்தார்.

வந்த முதல் வாரமே ஒரு மாணவி மவுஸைத் தலைகீழாகப் புரட்டி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டாள். மவுஸ் சாருக்குப் பகீரென்றது. ஏதாவது கெட்டுப்போனால் தன் தலைதானே உருளும்? அன்று சாயங்காலமே எல்லா மவுஸையும் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு, பீரோவில் பூட்டினார். சாவியை இடுப்புப் பட்டையில் கோர்த்துக்கொண்டார். மறுநாளே அவருக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

மவுஸ் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அதற்கும் வழி கண்டார். மனிதருக்குப் படம் வரைய நன்றாக வரும். கணினித் திரையை அப்படியே கரும்பலகையில் கலர் சாக்கட்டியால் வரைந்துவிட்டார். பிள்ளைகள் உறை போட்டு மூடிய கணினிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகையைப் பார்த்துத் தரையில் உட்கார்வார்கள். அவர் குச்சியால் ஓர் இடத்தைத் தொடுவார். பிள்ளைகள் ஆள்காட்டி விரலால் தரையில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கோரஸாகச் சொல்வார்கள்: "இடது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவது படத்தை இருமுறை அழுத்த வேண்டும். திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்."

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்தக் கணினிகளில் இருந்தது விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். ஆனால் யாரும் விலை கொடுக்கவில்லை. யாரோ எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் திரையின் வலது கோடியில் "இந்தப் பிரதி அசல் அல்ல" என்று ஒரு வரி எப்போதும் நின்றுகொண்டிருக்கும். மவுஸ் சார் உள்ளதை உள்ளபடி வரைபவர். அந்த வரியையும் வரைந்தார். "கணினித் திரையைப் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று பரீட்சையில் வருஷா வருஷம் கேள்வி வரும். அந்த வரியை எழுத மறந்தால் மதிப்பெண் குறையும். ஆனால் ஒரு பிள்ளைகூட மறந்ததில்லை. கணினிப் பாடத்தில் பள்ளி நூற்றுக்கு நூறு.

நியாயமாகச் சொன்னால் அவர் கெட்டவர் இல்லை. யார் மீதும் கை வைத்ததில்லை. "தொடாதே" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டிவிட்டார். தன் மகளை மட்டும் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார். அங்கே பிள்ளைகளைக் கணினியைத் தொட விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சேர்த்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்து விழுந்தது. இனி அரசுப் பள்ளிகளில் எல்லாம் கட்டற்ற மென்பொருள்தான். புதிய கணினிகள் வரும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். புதியதை இயக்கிக் காட்டத் தெரியாத கணினி ஆசிரியர்கள் அவரவர் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும்.

பழைய வேலை என்றால் மைதானம். மைதானம் என்றால் வெயில், விசில், வீங்கிய முட்டி. ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே கானல் அலையடித்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர் அறையில் அன்று முழுக்க இதே பேச்சுதான்.

"கட்டற்றதுன்னா என்ன சார்?" என்று கேட்டார் வரலாற்று ஆசிரியை. "அவிழ்த்து விட்டதுன்னுதானே அர்த்தம்?"

"ஓசியாம் டீச்சர்" என்றார் கணக்கு ஆசிரியர். "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கலாமாம். பிடிக்கலைன்னா மாத்திக்கலாமாம்."

"யாரு மாத்துறது? பசங்களா?" தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்னு ஒரு புள்ள கிளம்புனா, அப்புறம் எதுக்குள்ளதான் பார்க்காது?"

"பணக்காரப் புள்ளைங்களுக்குக் காசு குடுத்து வாங்குனது, நம்ம புள்ளைங்களுக்கு ஓசியில வந்தது" என்று உச்சுக் கொட்டினார் வரலாற்று ஆசிரியை. "பாவம், ஏழைங்கன்னா இளக்காரம்தான்."

நகலெடுத்த மென்பொருளும் ஓசியில் வந்ததுதானே என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருடியதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கொடுத்ததற்கு இல்லை.

புதிய கணினிகள் வந்தன. மவுஸ் சார் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இடது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. பொத்தான்கள் எல்லாம் வேறெங்கோ போய் உட்கார்ந்திருந்தன. வலது கோடியில் அந்த வரியையும் காணோம். இத்தனை வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்தது இடத்தைத்தானே? இடம் மாறியதும் அவருக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது. ஒரு கை பார்த்துவிடலாம் என்று விரலை நீட்டினார். "தொடாதே" என்று அவர் குரலே அவருக்குள் அதட்டியது. விரலை மடக்கிக்கொண்டார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "தெரியலைன்னா கத்துக்க வேண்டியதுதானே? எங்க ஆபீஸ்லயும் மாத்துனாங்க. நாலு நாள் தடுமாறுச்சு, அப்புறம் பழகிடுச்சு."

"உனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிடுவ. நான் வாத்தியார். வாத்தியார் போய்க் கத்துக்கிட்டு இருந்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு தன் போனை எடுத்தார். திரையில் ஒரு பனிமலை. "பாருங்க, நேத்து வெச்சேன். பார்த்தாலே ஜில்லுன்னு இல்ல? அங்க போகவே வேண்டாம், போன மாதிரியே இருக்கு."

மவுஸ் சார் போனை வாங்கிப் பனிமலையை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

மறுநாள் காலை பழைய கணினி ஒன்றைப் போட்டு, அதன் திரையைத் தன் போனில் படம் பிடித்தார். பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவரைக் கையோடு கூட்டி வந்தார். அந்தப் படத்தை எல்லாப் புதிய கணினிகளிலும் திரை நிறைய ஒட்டச் சொன்னார். ஏற்கெனவே அங்கே இருந்த பொத்தான்களை எல்லாம் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சொன்னார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இது வெறும் படம். இதுல கிளிக் பண்ணா ஒண்ணும் வராது."

"வரவே வேண்டாம்" என்றார் மவுஸ் சார்.

வேலை முடிந்தது. பழைய திரை, பழைய இடத்தில் பழைய பொத்தான்கள், வலது கோடியில் "இந்தப் பிரதி அசல் அல்ல". ஒரே ஒரு குறை. படம் பிடிக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் உருவம் திரைக் கண்ணாடியில் மங்கலாக விழுந்து, படத்திலும் வந்திருந்தது. எல்லாத் திரைகளிலும் நடுவாந்தரத்தில் பேய் மாதிரி மவுஸ் சார் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைந்ததும் "அப்பாடா" என்று ஏசிக்கு நேராகப் போய் நின்றார். வேர்வை அடங்கிய பிறகுதான் திரைகளைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன சார், பழசையே வெச்சிருக்கீங்க?"

மவுஸ் சார் சமாளித்தார். "புதுசுதான் சார். பிள்ளைங்க மிரண்டுடக் கூடாதேன்னு, பார்வைக்குப் பழைய மாதிரியே..."

"அட!" அதிகாரிக்கு வாயெல்லாம் பல். உண்மையில் அவருக்கும் புதியதைக் கண்டால் ஆகாது. அவர் மேஜையிலும் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதைத் தொடுவதற்கென்றே ஓர் எழுத்தரை வைத்திருந்தார். "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! சரி, ஒரு புள்ளையக் கூப்பிட்டு எதையாவது திறந்து காட்டச் சொல்லுங்க."

அன்றைக்கு மட்டும் பீரோ திறந்து மவுஸ்கள் வெளியே வந்திருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து வந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக மவுஸைப் பிடித்தாள். இடது ஓரத்தில் மேலிருந்து மூன்றாவது படத்துக்கு நகர்த்தி, டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மவுஸ் சார் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார்.

சிறுமி கலங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னாள்: "திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்."

அதிகாரியும் காத்திருந்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. திரைக்குள்ளிருந்து பேய் மவுஸ் சாரும் போனும் கையுமாகக் காத்திருந்தார்.

"எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான்" என்றார் அதிகாரி கடைசியில். "நேரம் எடுக்கும். பொறுமைதான் வேணும். அதையும் சேர்த்துச் சொல்லிக்குடுத்திருக்கீங்க பாருங்க, அதுதான் சார் படிப்பு." சிறுமியின் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மவுஸ் சார் இனி மற்ற பள்ளிகளின் கணினி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அந்தப் படம் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப்படும். பயிற்சி மையத்தில் ஏசி இதைவிடப் பெரியது. மைதானத்துக்கு ஒரேயடியாகக் கும்பிடு போட்டாயிற்று. மனைவியிடம் சொன்னபோது, "அவங்களுக்கு என்ன சொல்லிக்குடுப்பீங்க?" என்று கேட்டார். காதில் விழாத மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாவிக் கொத்து வரலாற்று ஆசிரியையிடம் போனது. அந்த அம்மாவுக்குப் பூட்டுவது திறப்பதெல்லாம் தொல்லை. அறையையும் பீரோவையும் திறந்து போட்டுவிட்டு, குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளின் விடைத்தாள்கள் மேலேயே தலை சாய்த்துவிடுவார்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் மத்தியானம் மவுஸ் சார் பள்ளிப் பக்கம் வந்தார். நாற்காலியில் போட்டிருந்த மெத்தையை எடுத்துப் போக மறந்திருந்தார். கணினி அறையை நெருங்கும்போதே உள்ளே கசமுசவென்று சத்தம். கதவைத் தள்ளினார்.

ஒரு கணினியிலும் உறை இல்லை. பிள்ளைகள் ஒரு நாற்காலிக்கு மூன்று பேராக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். திரைகளில் அவர் படம் இல்லை; ஒளித்துவைத்த பொத்தான்களைப் பிள்ளைகள் தேடிப் பிடித்திருந்தார்கள். ஒன்றில் யாரோ வீடு வரைந்து பச்சை வண்ணம் தீட்டியிருந்தார்கள். இன்னொன்றில் வகுப்பிலிருக்கும் எல்லோருடைய பெயரும் பெரிய பெரிய தமிழ் எழுத்துகளில் இருந்தது. அன்றைக்கு அதிகாரி தட்டிக்கொடுத்த அந்தச் சிறுமியின் திரையில் ஒரு பந்து சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அவளே நிரல் எழுதி ஓட வைத்திருந்தாள் போல. பக்கத்தில் இருந்தவள், "இன்னும் வேகமா ஓட வைடி, அந்த நம்பரை மாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூலையில் வரலாற்று ஆசிரியை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மவுஸ் சார் அசந்து நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எப்படி ஓட வைத்தாள் என்று அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பதில் தெரியாத ஒரு கேள்வியை அவர் அதுவரை எந்த மாணவரிடமும் கேட்டதில்லை.

"எப்படிப் பண்ணுன?" என்று கேட்டார்.

எல்லோரும் மவுஸ்களைக் கைவிட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருத்தி அவசர அவசரமாக உறையைத் தேடினாள்.

"திட்டலம்மா. நிஜமாத்தான் கேக்குறேன். எப்படிப் பண்ணுன?"

சிறுமி இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் எதையும் தொடல சார்."

அவள் பின்னால் பந்து ஓடிக்கொண்டிருந்தது. மவுஸ் சார் இன்னொரு தடவை கேட்கலாமா என்று யோசித்தார். பிறகு தரையில் கழன்று கிடந்த உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி, பந்து ஓட ஓடவே திரையைப் போட்டு மூடினாள்.