ஏச்சு வாங்கியவன் நானே

தொழில் நியாயசபையில் எங்கள் வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன், சட்ட உதவி நிலையத்தில் எங்களுக்காக வாதாடவிருந்த சட்டத்தரணி எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். இருவர் என்றால் நானும், என்னோடு கற்பித்த மற்றப் பண்ணிசை ஆசிரியரும். மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள ஒரு மாணவர் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் பதிகம் ஓதப் பழக்கியவர்கள் நாங்கள். புதிய நிருவாகம் எங்களை ஒரே நாளில் நிறுத்தியது. காரணம் கேட்டபோது, நாங்கள் ஊழியர்கள் அல்லர், தொண்டர்கள் என்றது. ஊழியர்கள் என்று நிறுவினால்தான் வேலையோ நட்டஈடோ கிடைக்கும்.

மற்ற ஆசிரியர் எனக்குப் பின் வந்தவர், வயதிலும் இளையவர். குரலை மட்டும் இறைவன் அவருக்கு வாரி வழங்கியிருந்தான். அவர் வந்த பின், என் பாயில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் பாய்க்கு நகர்ந்தனர். அழுக்காறு அகல வேண்டும் என்று நாள்தோறும் கும்பிடுகிறவன் நான். அவர் பண்ணை இழுத்துப் பாடத் தொடங்கினால் அந்த வேண்டுதல் என் தொண்டையிலேயே நின்றுவிடும்.

சட்டத்தரணி என் மகளின் வயதுடைய பெண். விசாரணையில் கேட்பதுபோலவே கேட்டார்.

"அங்கை என்ன செய்தனீங்கள், ஐயா?"

"தொண்டு செய்தனான், பிள்ளை."

"மாதாமாதம் தந்தது?"

"அது தட்சணை. நான் என்ன செய்தனான்? எல்லாம் அவன் செயல்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, இதைத்தானே அவையின்ரை சட்டத்தரணியும் சொல்லப்போறார். அவரின்ரை வேலையை நீங்களே செய்து குடுக்கிறியள்."

மற்றவர் சிரிப்பை அடக்க இருமினார். அடுத்து அவருடைய முறை.

"வேலை செய்தனான். சம்பளம் தந்தவை. லீவெண்டால் கடிதம் குடுக்கவேணும்."

"பாத்தீங்களே ஐயா, இப்பிடித்தான் சொல்லவேணும். இவரையே முதல் சாட்சியா ஏத்துவம்."

கோயிலில் அவர் பாடி முடித்ததும் எழும் அதே பாராட்டு இங்கும் வந்துவிட்டது. தேநீர் வந்தது; அதுவும் அவர் பக்கமே முதலில் போனது. அடியேன், நாயேன் என்று பாட்டில் என்னைத் தாழ்த்திக்கொள்வது எனக்கு எளிது. அவருக்குப் பின்னால் நிற்பதுதான் இயலாது.

சட்டத்தரணி மறுபடி என்னிடம் திரும்பினார். இம்முறை எதிர்த்தரப்பாக மாறிக் குரலை உயர்த்தினார்.

"இல்லத்தின்ரை ஒழுங்கெல்லாம் பாத்தவர் மற்ற ஆசிரியர்தானாம். நீங்கள் விரும்பின நேரம் வந்து பாடிப்போட்டுப் போறனீங்களாம். சரிதானே?"

"ஆர் சொன்னது?" நான் எழுந்தே விட்டேன். "இவர் வர முன்னமே திறப்பு என்ரை கையிலை! விடியக் கதவு திறக்கிறது நான், விளக்குக் கொளுத்துறது நான். ஒருநாள் பிந்தினதுக்குப் பிள்ளையளுக்கு முன்னாலை செயலாளர் என்னை ஏசினவர். என்ரை மனுசி ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கையும் கெஞ்சித்தான் லீவு வாங்கினனான். இவருக்கு எப்ப ஏச்சு விழுந்தது? எல்லாம் வாங்கினது நான்!"

பெற்ற ஏச்சையும் அவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சட்டத்தரணி மளமளவென்று எழுதினார். "தொண்டருக்கு ஆர் ஐயா ஏசுறது? ஆரிட்டை அவர் லீவு கேக்கிறது? இதை அப்பிடியே அங்கை சொல்லுங்கோ. நீங்கள்தான் முதல் ஏறுறியள்."

திரும்பும்போது பேருந்தில் மற்றவர் எனக்கு யன்னலோர இருக்கையை விட்டுத் தந்தார். "நல்லதாப் போச்சு அண்ணை. முதல் ஏறுறதெண்டால் எனக்குக் கால் நடுங்கும்."

அவர் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றத்தையேனும் தேடினேன். உரும்பிராய்ச் சந்தி தாண்டும்வரை தேடினேன். அகப்படவில்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை விளக்கின் முன் நின்று, பதிகத்துக்கு முன்பாக, "வேலை செய்தேன், சம்பளம் பெற்றேன்" என்று உரக்கச் சொல்லிப் பழகினேன். நாக்கு கூசியது. பேருந்தில் கண்ட அவர் முகத்தை நினைத்துக்கொண்டேன். சொற்கள் தடையின்றி வந்தன.