தெய்வநாயகியக்காவின் விமானம்

“அஞ்சு ஆனைய வெச்சு இழுத்தாலும் கிழியாதுங்க. வேணும்னா ஆனையக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லியபடி துண்டின் ஒரு முனையை வாங்க வந்தவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து இழுக்கிறார் தெய்வநாயகியக்கா. ஈரோட்டுச் சந்தையில் அவர் கடை விரிக்கும் இடத்தில் வாராவாரம் நடக்கும் இழுபறி இது. துண்டு கிழியாது. வந்தவர்தான் தடுமாறித் துண்டுக் குவியலின் மேல் விழுவார். விழுந்தவர் யாரும் வாங்காமல் போனதில்லை.

பள்ளிபாளையத்தில் எனக்குப் பக்கத்து வீடு. பின்கட்டில் நாலு தறி ஓடுகிறது. கேட்டால் ஆறு என்பார். அதற்காக அவரைப் பொய் சொல்கிறவர் என்று தெருவில் யாரும் சொல்வதில்லை. உள்ளதைத்தான் சொல்வார், கொஞ்சம் பெருக்கிச் சொல்வார். தூறல் போட்டால் காவிரியில் வெள்ளம். சற்று நேரம் மின்சாரம் நின்றால் “கரண்டக் கண்ணுல பாத்தே மாசமாச்சுங்க.” எனக்கு ஒருமுறை லேசாக உடம்பு சுட்டது. சாயங்காலத்துக்குள் தெருவே சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்துவிட்டது. இரண்டு பேர் அழவும் செய்தார்கள்.

கணவர் போன பிறகு தறிகளையும் ஒரே மகன் சண்முகவேலையும் தனியாளாகக் காப்பாற்றியவர். மகன் கடற்படையில் சேர்ந்து கொச்சிக்குப் போனான். முதல் விடுமுறையில் வந்தவனிடம் என்ன வேலை என்று கேட்டதற்கு, “பிளேன்ல வேலைம்மா” என்றான். அக்காவுக்கு அது போதவில்லை. மறுநாள் சந்தையில் “என்ற பையன் பிளேன் ஓட்டறானுங்க” என்றார். அவன் விடுமுறை முடிந்து ரயில் ஏறுவதற்குள், நடுக்கடலில் பிளேனைக் கப்பல் மேலேயே கொண்டுவந்து இறக்குகிறவன் ஆகிவிட்டான்.

அவனுக்குக் குமாரபாளையத்தில் பெண் பார்த்தார்கள். பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறை கண்ணுசாமியின் மகள் வசந்தாமணி. ஜாதகம் பொருந்தியது, போட்டோக்கள் கைமாறின. அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து பேச்சே இல்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “நம்ம பையன் பிளேன் ஓட்டறத அவிங்க நம்பலீங்க. கண்ணுல காட்டுனாத்தான் நம்புவாங்க” என்றார்.

காட்டுவதற்கு வழியும் வந்தது. எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் சேலத்தில் நடந்த பொருட்காட்சிக்குக் கடற்படைக்காரர்கள் ஒரு பழைய விமானத்தையும், இரண்டாக அறுத்து உள்ளே தெரியும்படி வைத்த எஞ்சினையும், விமானியின் உடுப்பையும் கொண்டுவந்து, கொட்டகைக்குள் ஓர் அருங்காட்சியகமே அமைத்தார்கள். அதோடு சண்முகவேலும் வந்தான். அக்கா கண்ணுசாமி வீட்டாரை அங்கே வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் தெருவிலிருந்தும் ஒரு பஸ் கொள்ளும் கூட்டம் கிளம்பியது.

மைதானத்தில் இறங்கியதும் யாரோ, “அக்கா, பிளேன் எந்தப் பக்கமிருந்து வரும்?” என்றார்கள். அக்கா சற்றும் யோசிக்காமல் சங்ககிரித் திசையைக் காட்டினார். எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். ராட்டினக்காரர் கூட நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். கடைசியில் சீட்டுக் கிழிப்பவர்தான் வந்து, “அது நேத்தே லாரியில வந்துருச்சுங்க, கொட்டகைல நிக்குது” என்றார்.

கொட்டகைக்குள் விமானம் இறக்கைகளை மேலே மடக்கிக்கொண்டு நின்றது. “ஐயோ, ஒடஞ்சு போச்சா?” என்று அக்கா பதறினார். கயிற்றுக்கு அந்தப்புறம் வெள்ளை உடுப்பில் நின்ற சண்முகவேல், “ஒடையல, மடக்கறதுதாம்மா. கப்பல்ல எடம் பத்தாது” என்றான். “அதான பாத்தேன்” என்று தெருக்காரர்கள் பக்கம் திரும்பிய அக்கா, “துண்டு மாதிரி மடிச்சு வெச்சுக்கறாங்க” என்று விளக்கினார்.

அப்போது கண்ணுசாமி மனைவியோடும் மகளோடும் வந்து சேர்ந்தார். மூவர் முகமும் சாவு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. கண்ணுசாமி தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க தம்பி, இதுல எத்தன ஒசரம் போவீங்க?”

அக்கா மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மகன் பார்த்தான். பார்த்தும், “நான் ஓட்டறதில்லீங்க” என்றான். “எறக்கைய மடக்கறதும் விரிக்கறதும்தான் என்ற வேலை. சரியாப் பூட்டிக்கிச்சான்னு பாத்துச் சொல்லணும். நான் சொன்னாத்தான் வண்டி கெளம்பும்.” சொல்லிவிட்டுக் இறக்கையடியில் இருந்த கைப்பம்பின் பிடியை அடித்துக் காட்டினான். இறக்கை முனகிக்கொண்டே இறங்கி விரிந்தது.

எங்கள் தெரு மொத்தமும் அக்காவைப் பார்த்தது. அவர் இறக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வசந்தாமணி தலை நிமிராமல் கேட்டாள்: “அப்ப நீங்க மேல போகவே மாட்டீங்களா?”

“இல்லீங்க. வண்டி மேல போகும். நான் கீழ நின்னுக்குவேன்.”

பெண்ணின் அம்மா “மாரியாத்தா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஏனுங்கம்மா, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? கடலுக்கு மேல பறக்கறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு எப்படித் தூங்கறதுன்னு எங்கூட்டுல தெனமும் அழுகை. வேண்டாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தோம்.”

ஒரு கணம்தான். அக்கா இறக்கையை விட்டுக் கண்ணுசாமி பக்கம் திரும்பினார்.

“பறக்கறதாவது! அவனுக்குச் சின்ன வயசுலிருந்தே ஒசரம்னா ஆகாதுங்க. ஏணில ஏற மாட்டான். மாடிப் படில கால வெச்சாலே தல சுத்திக் கீழ உழுந்துருவான்!”

“அம்மா, இது ஆபீசர் காதுல உழுந்தா வேலைய உட்டே எடுத்துருவாங்க” என்றான் சண்முகவேல்.

“நீ சும்மா இரு சாமி.”

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணுசாமி அங்கேயே, அறுத்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, ஆவணியில் நாள் பார்க்கலாம் என்றார். தெருக்காரர்கள் கைதட்டினார்கள். வேறெதற்கோ என்று நினைத்துப் பின்னால் நின்ற கூட்டமும் தட்டியது.

எல்லோரும் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்தார். சந்தைக் குரல் இல்லை.

“ஏனுங்க, ஒருக்காவாச்சும் அவனையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்களா?”

அவனையே கேளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை.

பொருட்காட்சி போட்டோக்காரர் இரு வீட்டாரையும் எங்களையும் விமானத்தின் முன் வரிசையாக நிறுத்தினார். எல்லோரும் கேமராவைப் பாருங்கள் என்றார். எல்லோரும் பார்த்தோம். அக்கா மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்தார். மகன் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவன் தலையில் வைத்தார். பிறகு இரண்டு விரல்களை அவன் மோவாயில் கொடுத்து, முகத்தை மெல்ல வானத்துப் பக்கம் உயர்த்திவிட்டார்.